சமையலுக்கு ஆள் தேடி மூன்று சம்பந்தம்

வெட்கப்படுகிறவர்களால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. அது பிழை. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற காரியத்தைக் கேட்க வெட்கப்பட்டு, சுற்றிச் சுற்றிப் போய், ஊரையே கலக்கிவிட்டு வந்து நிற்பவர்கள் நாங்கள்தான். நான் ஒருமுறை என் குசினிக்குச் சமையல்காரி தேடப் போய், ஒரே வெள்ளிக்கிழமையில் மூன்று வீட்டில் என் மகனுக்குப் பெண் பார்த்து, மூன்று வீட்டுக்கும் சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன். (மகனுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, அதுதான் விசேஷம்.)

நாலைந்து வருடம் இருக்கும். திருகோணமலையில், உள்துறைமுகம் தெரிகிற ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில் எங்கள் வீடு. பின்பக்கக் குசினியில் மதியச் சாப்பாடு சமைத்துப் பார்சல் கட்டி விற்பது என் தொழில். கணவர் இறந்த பிறகு தொடங்கியது. என்னோடு செல்வமக்கா சமைத்தா. வாங்க வருகிறவர்களோடு கதைக்கும் வேலையும் அவவுடையதுதான். நான் அடுப்போடு இருப்பேன். பல வருடமாக என் கறியைச் சாப்பிட்டவர்களுக்கே என் முகம் தெரியாது. (கை தெரியும். ஜன்னலால் பார்சலை நீட்டுகிற கை.)

அப்போதுதான் ஓர்ஸ் ஹில்லில் புதிதாகத் திறந்த ஒரு கந்தோரிலிருந்து, அந்த அலுவலகத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டார்கள். வருகிற திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அவ்வளவு பெரிய ஓடர் எங்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை. செல்வமக்கா உடனே ஓம் சொன்னா. சொல்லிவிட்டு அடுத்த நாளே மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்புக்குப் போனா. போய், பேரப்பிள்ளையின் முகத்தைக் கண்டதும், இனித் திரும்ப வரமாட்டேன் என்று போனில் அழுதா. நானும் அழுதேன். அவ சந்தோஷத்தில், நான் பயத்தில்.

என் மகன் ரூபன் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை. என் முழங்கால் நோவைக் காட்டி, குசினியைப் பூட்டச் சொல்லிக் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்கு இப்போது நல்ல சாட்டுக் கிடைத்தது.

"அம்மா, திங்கட்கிழமைக்கு முதல் ஒழுங்காச் சமைக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை எடுங்கோ. எடுத்தா நான் வாயே திறக்கமாட்டன். எடுக்காட்டி கந்தோருக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டுக் குசினியைப் பூட்டுவம். சரியோ?"

"சரி," என்றேன்.

உலகத்தில் நான் சத்தமாக இருக்கிற ஒரே இடம் அந்தக் குசினி. அங்கே நான் சட்டியைப் போட்டு அடிப்பேன், மீனோடு கதைப்பேன், பூனையை ஏசுவேன். அதைப் பூட்டினால் பிறகு நான் முன்னறைக் கதிரையில் இருந்து டீவியைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்று சொல்லவேண்டியதுதான். அது நடக்காது என்று முடிவெடுத்தேன். ஆளை எடுத்தே தீருவேன்.

ரூபன் பேஸ்புக்கில் போட்டான், தகுதியுள்ள சமையல்காரர் தேவை என்று. இரண்டு பேர் போன் எடுத்தார்கள். நான் போனைக் காதில் வைத்தேனே தவிர, என்ன சொல்வது என்று தெரியாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தி என்னை ஏதோ கெட்ட ஆண்பிள்ளை என்று நினைத்து நல்லாக ஏச்சுத் தந்தாள். மூன்றாவது ஆள் நேரிலேயே வந்தார். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த பெடியன், நல்ல மரியாதையான பிள்ளை. கதிரையில் இருந்தார். நான் குசினி வாசலில் திரையாகக் கட்டியிருந்த சேலைக்குப் பின்னால் நின்றேன். நான் கேள்வி கேட்பேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே தொடங்கினார்.

"அன்ரி, உங்கட மெனு என்ன?"

"சோறு."

"அதோட?"

"கறி."

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"லீவு எப்பிடி அன்ரி?"

"ஓம்."

"எத்தினை பேர் வேலைக்கு நிக்கினம்?"

"ஓம்."

அவர் எழும்பி வந்து குசினியை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கதைக்கிற மாதிரி மெல்லமாக, "நான் யோசிச்சுச் சொல்லுறன் அன்ரி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் எடுக்க இருந்த நான்தான் நேர்முகப் பரீட்சையில் தவறிப்போனேன்.

அப்போதுதான் புஷ்பம் உள்ளே வந்தா. புஷ்பம் என் கணவரின் தங்கச்சி, அடுத்த ஒழுங்கை. சமைக்கத் தெரியாது, ஆனால் யார் வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியும்.

"மச்சாள், வேலைக்கு வா எண்டு கூப்பிட்டா எல்லாரும் தலை வாரி இழுத்து வந்து பொய் சொல்லுவினம். நாங்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போவம். அவையின்ர சோறு கறியைச் சாப்பிட்டுப் பாப்பம். நாக்குக்குப் பிடிச்சா, பிறகு ஆறுதலா வேலைக் கதையைக் கதைப்பம்."

எனக்குச் சொர்க்கம் தெரிந்தது. கேள்வி கேட்கத் தேவையில்லை. சாப்பிட்டால் போதும். பரீட்சையை நாக்கு வைத்துக்கொள்ளும்.

புஷ்பமே மூன்று பிள்ளைகளைச் சொன்னா. எல்லாம் நிலாவெளி ரோட்டுப் பக்கம். மூன்றும் கலியாணம் ஆகாத பிள்ளைகள். ஏன் என்று கேட்டதற்கு, "கலியாணம் முடிச்சவள் நேரத்துக்கு வரமாட்டாள் மச்சாள்," என்றா. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். பிறத்தியார் வீட்டுக்குப் போவதால் நல்ல சேலை உடுத்தோம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கினோம். வெள்ளிக்கிழமை ஆனபடியால் கோயிலுக்குப் போய் விபூதியும் பூசிக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம்.

இதை வாசிக்கிற எவருக்கும் இப்போது விளங்கியிருக்கும். நல்ல நாளில், பட்டுச் சேலையோடு, பழத்தோடு, கலியாணம் ஆகாத மகன் இருக்கிற ஒரு தாய், கலியாணம் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். எனக்கு மட்டும் விளங்கவில்லை. நான் கட்டியது என் சொந்த மாமாவின் மகனை. என்னை யாரும் பெண் பார்க்க வந்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது, ஒரே வளவு.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சோற்றில் கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் சம்பந்தம் சரி என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும். ஆனால் நான்தான் பெண் பார்க்கப் போகவில்லையே. சமையலுக்கு ஆள் பார்க்க அல்லவா போனேன். என் மனதில் இருப்பது என் நெற்றியில் எழுதியிருக்கும் என்று நினைத்தேன் போலும்.

முதல் வீடு உப்புவெளியில். தேத்தண்ணி வந்தது. பிள்ளை தலை இழுத்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றது. நான் ஓட்டோவில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய ஒரே வசனத்தைச் சொன்னேன்.

"சோறு இருந்தா கொஞ்சம் தாங்கோ."

சாரத்தோடு இருந்த தகப்பன் எழும்பிப் போய்ச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். (கடைக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.) சோறு வந்தது. பருப்பில் கடல் தண்ணி தோற்றுப்போகும். ஆனாலும் இலையை வழித்துச் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் அவர்கள் மனம் நோகும் அல்லவா.

இரண்டாவது வீடு சல்லியில். சோறு என்று சொன்னதும் தாய் பின்கதவால் ஓடினா. மூடிய சட்டியோடு திரும்பி வந்தா. மீன் கறி அருமை. "என்ன புளி விட்டனீங்கள் பிள்ளை?" என்று மகளைக் கேட்டேன். பிள்ளை பின்வேலியைப் பார்த்தது. கறி அந்த வேலிக்கு அங்காலே இருந்து வந்திருக்கிறது என்று விளங்கியது. சேலைக் கட்டு இறுகத் தொடங்கியிருந்தது. இருந்தும் சாப்பிட்டேன்.

மூன்றாவது இறக்கக்கண்டி. சுபா என்கிற அந்தப் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு தலையும் இழுக்கவில்லை, சட்டையும் மாற்றவில்லை. "அம்மா, ஆரோ பட்டுச் சேலையோட வந்திருக்கினம்," என்று உள்ளே சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள்.

"உறைப்புக் கூடினா இப்பவே சொல்லுங்கோ. வெளியில போய் ரோட்டில நிண்டு சொல்லாதேங்கோ."

முதல் வாயிலேயே என் தேடல் முடிந்தது. கணவாய் கறுப்பாக, சுருண்டு, பல்லுக்கு மெத்தென்று. மிளகும் தேங்காய்ப்பாலும் ஒன்றை ஒன்று மிஞ்சாமல் நின்றன. நான் வயிறு நிரம்பி வந்தவள், மூன்றாவது சோறு. அப்படியிருந்தும் சோற்றுக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றேன்.

சுபாவின் தாய் எழும்பிப் போய்ச் சாமி விளக்கைக் கொளுத்தினா.

எனக்கு அன்றைக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒரு கேள்வியும் கேட்டேன். "விடிய நேரத்தோட எழும்புவீங்களோ பிள்ளை?"

"அப்பா கடலுக்குப் போறவர். அவருக்குச் சாப்பாடு கட்ட வேணும். சேவலை எழுப்பிறதே நான்தான்."

புறப்படும்போது தாயின் இரண்டு கையையும் பிடித்து, "எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. பிறகு வந்து கதைக்கிறம்," என்று சொன்னேன். அவவுக்குக் கண் கலங்கியது. பாவம், பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்க எவ்வளவு ஏங்கியிருக்கிறா என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. ஓட்டோவில் புஷ்பம் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தா.

மறுநாள் உப்புவெளித் தகப்பன் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு, மகளின் சாதகத்தோடு வந்தார். நான் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். புஷ்பம் சாதகத்தை வாங்கி வைத்து அனுப்பினா. சல்லித் தாய் போன் எடுத்து, நகை எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டா. நான் மூச்சு மட்டும் விட்டேன். அவ அதைப் பெருமூச்சு என்று எடுத்து, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னா. பின்நேரம் ரூபன் வந்து வாசலில் நின்றான்.

"அம்மா, எனக்குக் கலியாணமாம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்ல எண்டு கேளுங்கோ. படகில எல்லாரும் கை தந்தவங்கள். நிலாவெளி ரோட்டில பஸ் நிக்கிற இடமெல்லாம் எனக்கு மாமி வீடாம். ஒரு நாளில எத்தினை வீட்டில சோறு திண்டனீங்கள்?"

அப்போதுதான் எனக்கு உச்சியில் அடித்தது. தகப்பனின் சேட், தாயின் விளக்கு, எல்லாம் வரிசையாக வந்து கண்ணுக்கு முன்னால் நின்றன. திரும்பிப் புஷ்பத்தைப் பார்த்தேன். அவ பாக்குச் சீவிக்கொண்டிருந்தா.

"முதல் வீட்டில நீங்கள் சோறு கேக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது மச்சாள்."

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"ஏன் சொல்லுவான். உங்களுக்குச் சமையலுக்கு ஆள் வேணும். பெடியனுக்கும் வயசு போகுது. ரெண்டுக்கும் தனித்தனியா ஓட்டோ பிடிக்கிறதோ?"

ஞாயிற்றுக்கிழமை நான் போர்வைக்குள் கிடந்தேன். மூன்று பிள்ளைகளின் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். ரூபன் கட்டிலில் வந்து இருந்து, பாவம் பார்த்து, "விடுங்கோ அம்மா. நாளைக்குக் கந்தோருக்கு நான் சொல்லுறன், ஏலாது எண்டு," என்றான்.

போர்வைக்குள்ளே இருந்தே சொன்னேன், "சொல்லாதை. நான் சமைப்பன்."

"தனியவோ?"

"ஓம். தனிய."

திங்கட்கிழமை விடியவே அடுப்பு மூட்டினேன். பெரிய கிடாரத்தில் சோறு, ஒரு பக்கம் பருப்பு, ஒரு பக்கம் மீன், மற்றப் பக்கம் கத்தரிக்காய். புஷ்பம் வெங்காயம் உரித்தா. உரித்ததைவிடக் கதைத்தது அதிகம். பத்து மணியாகியும் பாதி வேலை நிற்கிறது. கந்தோர் வான் வர அதிக நேரம் இல்லை. அந்த நேரம் பின்படலையைத் தள்ளிக்கொண்டு, தோளில் கைப்பையோடு சுபா வந்தாள்.

"நான் சுபா. இறக்கக்கண்டி."

"தெரியும் பிள்ளை."

"நான் உங்கட மகனைக் கட்டமாட்டன். அம்மா அழுவா எண்டு ரெண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். இண்டைக்கு முடிவாச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு பஸ் எடுத்து வந்தனான். ஒராள் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டா, முகம் தெரியாத அவவின்ர மகனைக் கட்ட வேணுமோ?"

"இல்லைப் பிள்ளை."

"அவர் நல்லவரா இருக்கலாம். அது வேற கதை."

"ஓம் பிள்ளை."

"என்ன, எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீங்கள். சண்டை பிடிக்க வந்த ஆளோட ஒழுங்கா ஒரு சண்டை பிடியுங்கோ. பருப்பு அடிப்பிடிக்குது."

நான் கத்தரிக்காயோடு நின்றேன். அவள் கைப்பையை ஆணியில் கொழுவிவிட்டுப் பருப்புச் சட்டியை இறக்கினாள். இறக்கிவிட்டும் ஏச்சை நிறுத்தவில்லை.

"சாதகம் கேக்கேல்ல, படம் காட்டேல்ல, விடிய எழும்புவீங்களோ எண்டு மட்டும் ஒரு கேள்வி. நான் என்ன உங்கட மகனுக்கு அலாரமோ? அந்தக் கரண்டியைத் தாங்கோ. மீனை இப்பிடியே விட்டா பொடியாப் போகும், தள்ளுங்கோ."

தள்ளினேன். ஏசிக்கொண்டே தாளித்தாள். ஏசிக்கொண்டே உப்புப் பார்த்தாள். என் வளர்ப்பு, என் மகனின் தொழில், பட்டுச் சேலை, புஷ்பத்தின் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏச, கறி ஒவ்வொன்றாக இறங்கியது. புஷ்பம்கூட வாயை மூடிக்கொண்டு வேகமாக வெங்காயம் உரித்தா. நான் இலை வாட்டிக் கொடுத்தேன். பார்சல் கட்டி முடியவும் வான்காரன் ஹோர்ன் அடிக்கவும் சரியாக இருந்தது.

வான் போய்விட்டது. சுபா கையைக் கழுவிக் கைப்பையை எடுத்தாள்.

"அப்ப நான் வாறன். சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன்."

அவள் படலையைத் தாண்டினால் நாளைக்குச் சமைக்க ஆள் இல்லை, நாளை மறுநாள் குசினி இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் ஒரு மனிதரோடு கதைத்ததில்லை, அப்படிச் சொன்னேன்.

"பிள்ளை, நான் உங்களை மகனுக்குக் கேட்டு வரேல்ல. என்ர குசினிக்குக் கேட்டு வந்தனான். நாளைக்கும் வருவீங்களோ?"

அவள் நின்றாள்.

"வேலைக்கோ?"

"ஓம்."

"சம்பளத்துக்கோ?"

"ஓம். கந்தோர் ஓடர் இருக்கிற வரைக்கும் மாசம் மாசம் தருவன்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"வெக்கமா இருந்தது."

சுபா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொம்பிளை கேட்டு வர வெக்கமில்லை. வேலைக்கு ஆள் கேக்கத்தான் வெக்கமோ?"

அவள் கைப்பையைத் திரும்பவும் ஆணியில் கொழுவினாள்.

"மகன் இந்தக் குசினிக்குள்ள வாறவரோ?"

"வரமாட்டான்."

"அப்ப சரி."

அந்தக் கிழமையே நான் மற்ற இரண்டு வீட்டுக்கும் போனேன். புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பருத்திச் சேலை, பஸ், தனியாக. உப்புவெளியில் வாசலில் நின்றபடியே சாதகத்தைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். தகப்பன் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்கள் மேல் பிழை இல்லை. சல்லித் தாய் முதலில் கோபப்பட்டா. பிறகு சிரித்தா. "சமையலுக்குத்தான் ஆள் வேணுமெண்டா, அண்டைக்கு நீங்கள் சாப்பிட்ட மீன் கறி பக்கத்து வீட்டுக்காரி வச்சது. அவவை எடுங்கோ," என்றா. எடுத்தேன். எங்கள் மீன் கறி இப்போது அவவுடையதுதான். அந்த இரண்டு பிள்ளைகளும் நல்ல இடங்களில் கலியாணம் முடித்து இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. சுபாவின் தாய் மட்டும், மகள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வந்த அன்று, தற்செயலாக ரூபனைக் கண்டு, நல்ல பெடியன் என்று சொல்லி இன்னொரு முறை அழுதுவிட்டுப் போனா.

ரூபன் சொன்ன சொல் காத்தான். குசினியைப் பற்றி வாயே திறப்பதில்லை. கந்தோர் ஓடர் இன்னும் போகிறது, பக்கத்துக் கந்தோரும் சேர்ந்திருக்கிறது. புதிதாக ஆள் எடுக்க வேண்டும் என்றால் கேள்வி கேட்பது சுபா. நான் சேலைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்காகப் பயப்படுவேன்.

போன வருடம் ரூபன் தானே விரும்பிய பிள்ளையைக் கட்டினான். யாரும் பெண் பார்க்கப் போகவில்லை, நான் எங்கும் சாப்பிடவில்லை. மருமகள் வந்த முதல் நாள், மரியாதைக்காகக் குசினிப் பக்கம் வந்து, ஏதாவது செய்யட்டுமா அக்கா என்று கேட்டாள். சுபா கரண்டியைக் கீழே வைக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி, இந்த வீட்டுக்கு முதல்ல பாத்தது என்னைத்தான். நான் குசினியை எடுத்திட்டன். மிச்சம் உமக்கு."

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்நேரம் படகால் வந்து, களைத்துப்போய் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறவனை, ஒழுங்கைக்கே கேட்கக் கூப்பிடுவாள்.

"மிச்சம், சாப்பிட வாங்கோ."

அவனும் ஓம் என்று சொல்லிக்கொண்டு போவான்.